பெயரில்லாத செந்துகில்

2001ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் இருபத்து நான்காம் நாள், சனிக்கிழமை. இரவில் இறங்கிய உறைபனி வயல்வரப்புகளில் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெளுத்துக் கிடந்தது. வானத்தில் ஒரு மேகமும் இல்லை. மலைமுகட்டிலிருந்து வந்த காற்று காதுமடலை அறுத்தது. அன்றுதான் வொல்சில் ஊரில் முதன்முறையாகப் பெண்கள் பாடை சுமந்தனர்.

பாடையில் இருந்தவர் ஹோ ஓக்தான் அம்மையார். அதன் பின்னால் துக்கத்துக்குரிய முரட்டுச் சணலாடை உடுத்து நடந்தவர் அவருடைய ஒரே மகள் குவோன் சுன்யே. நான் எழுத விரும்புவது சுன்யேயைப் பற்றித்தான். ஆயினும் தாயைச் சொல்லாமல் மகளைச் சொல்ல இயலாது.

ஓக்தான் அம்மையாரின் கணவர் போரிலிருந்து நுரையீரல் நோயோடு திரும்பி, சுன்யே நடைபழகி முடித்த சில காலத்தில் இறந்துபோனார். அதன்பின் அம்மையார் வட்டாரத் தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை பணியாற்றினார். பகலில் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர், அறுவடை முடிந்த குளிர்கால மாலைகளில் அவர்களுடைய தாய்மார்களுக்குக் கற்பித்தார். வகுப்பு நடந்த இடம் புகுந்த வீட்டாரின் பழைய நெற்கிடங்கு. அதைத் தூய்மை செய்து, கணப்படுப்பு ஒன்றையும் வைத்துக் கொடுத்தவர் கணவரின் தம்பி குவோன் பியோங்ஹா. குலத்தின் முறைகளை எழுத்துப் பிசகாமல் காப்பவர் என்று பெயர் பெற்ற பியோங்ஹா அதைச் செய்தார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததை மட்டும் படிப்பவர்கள் அவரைத் தவறாக எண்ணிவிடக் கூடும்.

வொல்சிலில் மணமாகி வரும் பெண்ணை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. எந்த ஊரிலிருந்து வந்தாளோ அந்த ஊர்க்காரி, அவ்வளவே. உல்ஜினிலிருந்து வந்தவர் உல்ஜின்காரி. யோங்வொலிலிருந்து வந்தவர் யோங்வொல்காரி. பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்து, ஒரே தொட்டியில் முட்டைக்கோசு ஊறவைத்துக் கிம்ச்சி ஊறுகாய் போட்டு, ஒருத்தி பிள்ளைக்கு மற்றவள் பாலூட்டி வாழ்ந்தவர்களும் ஒருவர் பெயரை மற்றவர் அறியமாட்டார்கள். ஓக்தான் அம்மையார் வகுப்பில் முதல் நாள் எழுத்துவரிசையைச் சொல்லித் தரவில்லை. ஒவ்வொருவரிடமும் பிறந்த வீட்டில் வைத்த பெயரைக் கேட்டார். அதைக் கரும்பலகையில் எழுதினார். "மொதல்ல இத எழுதுங்க. மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். உல்ஜின்காரி அன்று போக்சில் ஆனார். யோங்வொல்காரி குவிதோக் ஆனார். ‘போக்சில்’ என்று அம்மையார் கூப்பிட்டபோது, யாரையோ அழைக்கிறார்கள் என்று போக்சில் பின்னால் திரும்பிப் பார்த்ததை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

கோணலாக எழுதிய எதையும் அம்மையார் அழிக்க மாட்டார். "அது அங்கேயே இருக்கட்டும். பக்கத்துல இன்னொரு தடவ எழுதுங்க" என்பார்.

ஊருக்கும் மலைக்கும் இடையே ஓடும் ஓடையில் அக்காலத்தில் மிதிகற்கள் மட்டுமே இருந்தன. மழைக்காலத்தில் அவை மூழ்கும். ஒருமுறை பிள்ளை ஒன்றை வெள்ளம் இழுத்துச் சென்று, நல்லவேளையாக அலரிப் புதரில் சிக்க வைத்தது. அதன்பின் பாலம் கேட்டு மனு எழுதினார்கள். வழக்கப்படி கணவன்மாரின் பெயர் முத்திரைகளை இட்டால் போதும் என்றார் அப்போது ஊர்த்தலைவராக இருந்த பியோங்ஹா. "பிள்ளையத் தூக்கிட்டு ஓடையத் தாண்டுறது இவங்க. இவங்களே எழுதட்டும்" என்றார் ஓக்தான் அம்மையார். பெண்கள் எல்லாரும் தத்தம் பெயரைத் தம் கையாலேயே எழுதினார்கள். பியோங்ஹா அந்த மனுவை மாவட்ட அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றார். அலுவலர் அதைப் புரட்டிப் பார்த்து, "இந்தப் போக்சில்ங்கிறது யாரு?" என்று கேட்டிருக்கிறார். ஊர்த்தலைவருக்குத் தெரியவில்லை. "சரி, குவிதோக் யாரு?" அதுவும் தெரியவில்லை. உடன்சென்றவர் ஊருக்குத் திரும்பி இதைச் சொல்லிவிட்டார். பாலம் வந்தது, அதோடு அந்தக் கேலியும் ஊரில் நிலைத்துவிட்டது.

இவற்றுக்கெல்லாம் நடுவில் வளர்ந்தவர் சுன்யே. தாயை ஊராரோடு பங்கிட்டுக்கொண்டு வளர்ந்ததாகவே அவர் நினைத்தார். படைக்குப் போன மகனின் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லி ஒருத்தி வருவாள். பேறுகாலத்தில் மருத்துவமனைக்குத் துணை கேட்டு ஒருத்தி வருவாள். "எங்கம்மா கையால சோறு சூடா சாப்பிட்ட நாள் ரொம்பக் கம்மி. ஒரு வாய் வெக்கிறதுக்குள்ள வாசல்ல யாராவது நிப்பாங்க" என்று அவர் பிற்காலத்தில் என்னிடம் கூறியதுண்டு. பள்ளிப்படிப்பை முடித்ததும் தேகு நகரத்துக்குப் போய்விட்டார். அங்கே ஒரு பள்ளியின் உணவுக்கூடத்தில் சமையல் வேலை. மணமானது, பிள்ளை இல்லை, கணவரும் மறைந்தார். விழாக்களுக்கு மட்டும் ஊருக்கு வருவார். அப்போதும் நெற்கிடங்கின் பக்கம் போகமாட்டார்.

அம்மையாருக்குப் பக்கவாதம் வந்து நாக்குத் தடுமாறியதும் சுன்யே வேலையை விட்டுவிட்டு வந்தார். அம்மையார் வகுப்பை நிறுத்துவதாக இல்லை. மகள் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்று கரும்பலகையின் பக்கத்தில் உட்கார வைப்பார். தாயின் விரல் எந்தச் சொல்லைச் சுட்டுகிறதோ அந்தச் சொல்லை மகள் உரக்கப் படிப்பார். யாராவது ‘சின்ன வாத்தியாரம்மா’ என்று அழைத்தால் சுன்யேக்குப் பிடிக்காது. "நான் வாத்தியாரும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்கம்மாவோட தொண்டை, அவ்வளவுதான்" என்பார்.

இரண்டு குளிர்காலம் இப்படி நடந்தது. மூன்றாவது குளிர்காலத்தின் தொடக்கத்தில், ஊரெங்கும் கிம்ச்சி போட்டுக்கொண்டிருந்த வாரத்தில், வியாழக்கிழமை பகலில் அம்மையார் இறந்தார்.

ஆண்பிள்ளை இல்லாததால் சடங்குகளைப் பியோங்ஹா ஏற்றுக்கொண்டார். வெள்ளிக்கிழமை பிற்பகல், கூடத்தில் பாய் விரித்து, வெண்பொடியைப் பசையில் குழைத்துச் செந்துகில் எழுதினார். செந்துகில் என்பது ஓர் ஆள் உயரத்துக்கு மேல் நீளமான சிவப்புத் துணி. பாடைக்கு முன்னால் மூங்கிலில் உயர்த்திப் பிடிக்கப்படும். குழிக்குள் சவப்பெட்டியை இறக்கியபின் அதன்மேல் விரிக்கப்படும். அதற்கு மேல் மண் விழும். இறந்தவரோடு போகும் கடைசி எழுத்து அதுதான். வட்டாரத்தில் அதைத் தூரிகையால் எழுதத் தெரிந்தவராக எஞ்சியிருந்தவர் பியோங்ஹா ஒருவரே. எழுதி முடித்ததும் தூரிகையையும் மீதிப் பசையையும் ஒரு துணியில் முடிந்து வைத்துக்கொண்டார். உறைபனியில் எழுத்து உதிர்ந்தால் குழியருகே திருத்துவதற்காக அது. அவர் எதையும் அரைகுறையாகச் செய்பவர் அல்லர்.

சாவுவீட்டுக்கு வருவோருக்காகக் காரமான மாட்டிறைச்சிச் சாறு காய்ச்சிக்கொண்டிருந்த பெண்கள், கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூடத்துக்கு வந்து பார்த்தார்கள். போக்சில் படிக்கக் கற்றது முதல் கண்ணில் பட்டதையெல்லாம் வாய்விட்டுப் படிப்பவர். சோயாச் சாற்றுப் புட்டியையும் பேருந்துப் பலகையையும் விடமாட்டார். அவர் செந்துகிலின் முன் நெடுநேரம் நின்றார். உதடு அசைந்தது, ஒலி வரவில்லை.

"ஏண்டி குவிதோக், எனக்குக் கண்ணு போச்சா, இல்ல படிச்சதெல்லாம் மறந்து போச்சா? ஒரு எழுத்தும் பிடிபடலையே."

"கண்ணும் போகல, ஒண்ணும் போகல. இது நம்ம எழுத்து இல்ல. சீன எழுத்து. பெரியவங்க எழுதுறது."

"என்னன்னு எழுதியிருக்காம்?"

குவிதோக்குக்கும் தெரியவில்லை. இருவரும் சுன்யேயைப் பார்த்தார்கள். சுன்யே மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார்.

"யாங்சொன் ஊர் ஹோ குலத்துப் பெண்மணியின் பெட்டி."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"பேரு?"

"பேரு இல்ல."

போக்சில் இடுப்பில் கட்டியிருந்த துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எனக்குப் படிக்கக் கத்துக் குடுத்தவங்க. அவங்க போற துணிய என்னால படிக்க முடியலையே" என்றார். பிறகு சாறு அடிபிடிக்கிறது என்று யாரோ கூவவே, உள்ளே போய்விட்டார்.

சுன்யே சித்தப்பாவைத் தேடிப் போனார். அவர் கொல்லையில் தேவதாரு விறகு அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, துணில அம்மா பேரையும் எழுதிடுங்களேன். கீழ இடம் இருக்கு."

"அப்படி வழக்கம் இல்லம்மா."

"வழக்கம் இல்லன்னு தெரியும். கேக்குறேன்."

"பொம்பளைங்கிறதுக்காகச் சொல்லலை. உங்கப்பனுக்கு நான்தான் எழுதுனேன். அதுலயும் பேரு கிடையாது. எங்கப்பாவுக்கும் கிடையாது. இன்ன குலம், இன்ன ஊரு, அதுதான் போற எடத்துல கேப்பாங்க. பேரு பொறக்குறப்ப வெக்கிறது. உசிரோட இருக்குறவங்க கூப்பிடுறதுக்கு. போனப்புறம் யாரு கூப்பிடப் போறா?"

"எங்கம்மா ஊரு பூரா பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க, சித்தப்பா. அவங்கள ஒருத்தரும் கூப்பிட்டதில்ல. எனக்கு அம்மா, உங்களுக்கு அண்ணி, ஊருக்கு வாத்தியாரம்மா. கடைசியா ஒரு தடவையாவது இருக்கட்டும்னு பாக்குறேன்."

"முறைய மாத்துறது என் கையில இல்ல" என்றார் பியோங்ஹா. குரலில் சினம் இல்லை. அதனாலேயே அதற்குமேல் வாதாட இடமும் இல்லை. சுன்யே உள்ளே சென்று, சாவுவீட்டுக்கு வருவோருக்காக ஆக்டோபஸை வேகவைக்கும் பெண்களிடம், "மாட்டேன்னுட்டாரு" என்று மட்டும் சொன்னார். மறுநாள் மண் விழுந்துவிட்டால் பிறகு எந்த முறையீட்டுக்கும் பொருள் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

அன்று மாலை வேறொரு சிக்கல் எழுந்தது. பாடைக்குப் பன்னிரண்டு தோள் வேண்டும். ஊரில் சுமக்கத் தக்க ஆண்கள் நால்வர்கூடத் தேறவில்லை. இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். இருப்பவர்களில் ஒருவருக்கு இடுப்பு, ஒருவருக்கு முழங்கால். வண்டி பிடிக்கலாம் என்றால், பாதை பாலத்தைத் தாண்டியதும் மலையேறிவிடும், வண்டி ஏறாது.

"நாங்க தூக்குறோம்" என்றார் குவிதோக்.

"பொம்பளைங்களா?" என்றார் பியோங்ஹா.

"பாலத்துக்குக் கல்லு சுமந்தப்ப எங்களப் பொம்பளைங்களான்னு நீங்க கேக்கலையே?"

பியோங்ஹா சிறிது நேரம் கணக்குப் பார்த்தார். வேறு வழி தென்படவில்லை, இசைந்தார்.

இவ்வாறாகத்தான் அந்தச் சனிக்கிழமை காலையில், மிளகாய்ச் சாந்தின் சிவப்புக் கறை நகக்கண்ணில் போகாத கைகளோடு, பெண்கள் தோளில் தடித் துணியை மடித்து வைத்துக்கொண்டு பாடையைத் தூக்கினார்கள். குவிதோக் முன்னால் நின்று கைமணியை ஆட்டி அடி பாடினார். மற்றவர்கள் பின்னடி பாடினார்கள். தாளம் இரண்டு இடத்தில் தப்பியது. எவரும் சிரிக்கவில்லை. செந்துகில் காற்றில் படபடத்துக்கொண்டு முன்னே போயிற்று. மண் தள்ளுவதற்காக மண்வெட்டியோடு சென்றவர்களில் நானும் ஒருவன்.

பாலத்தின் நடுவில் கைமணி நின்றது. பாடையும் நின்றது.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. பாடை தூக்குவோர் வழியில் நிற்பதும், இறந்தவர் வர மறுக்கிறார் என்று முறையிடுவதும், உறவினர்கள் பாடைக் கயிற்றில் வழிச்செலவுக்குப் பணம் செருகியபின் நகர்வதும் எங்கள் நாட்டில் எங்கும் உள்ள வழக்கம். அவ்வாறு நிற்பது தூக்குவோரின் உரிமை. அவர்களை அதட்டவோ தள்ளவோ எவருக்கும் முறை கிடையாது.

"வாத்தியாரம்மா பாலத்தத் தாண்ட மாட்டேங்குறாங்க" என்றார் குவிதோக்.

பியோங்ஹா அதற்கு ஆயத்தமாகவே வந்திருந்தார். பண உறையை எடுத்துக் கயிற்றில் செருகினார். குவிதோக் அதை உருவி, அவர் கையிலேயே திரும்ப வைத்தார்.

"இது குடிக்கிற ஆம்பளைங்களுக்குக் குடுக்குறது. எங்களுக்கு வேணாம்."

"அப்ப என்னதான் வேணும்?"

"அந்தச் சேப்புத் துணில வாத்தியாரம்மா பேரு வேணும்."

பியோங்ஹாவின் முகம் சிவந்தது. "யோங்வொல்காரி, இது வெளையாடுற எடம் இல்ல."

"என் பேரு குவிதோக். எத்தனையோ வருஷமாச் சொல்லிட்டிருக்கேன்."

"ஐயா, சீக்கிரம் ஒரு முடிவு சொல்லுங்க" என்று பாடைக் கொம்பின் கீழிருந்து போக்சில் முனகினார். "நான் எழுபதத் தொட்டவ. தோளு எறங்கிடுச்சுன்னா வாத்தியாரம்மா ஓடையில குளிக்க வேண்டியதுதான்."

சிலர் சிரிப்பை அடக்கினார்கள். பியோங்ஹா பின்னால் திரும்பிச் சுன்யேயைப் பார்த்தார்.

"நீ சொல்லிக் குடுத்தியா?"

"இல்ல, சித்தப்பா."

"அப்ப தூக்கச் சொல்லு. துக்கக்காரி கெஞ்சிக் கேட்டா கேப்பாங்க. அதுவும் வழக்கந்தான்."

அது உண்மை. சுன்யே ஒரு சொல் சொல்லியிருந்தால் பாடை நகர்ந்திருக்கும். சித்தப்பாவை ஊரார் முன் நிறுத்தி வைப்பது அவருக்கும் எளிதாக இருந்திருக்காது. தந்தையின் இடத்தில் இருந்தவர் அவர். சுன்யே பாடையையும் செந்துகிலையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு சணலாடையை ஒதுக்கிக்கொண்டு, உறைபனி படிந்த பாலத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சொல்ல மாட்டேன், சித்தப்பா. நேத்து நான் கேட்டதத்தான் இன்னிக்கு அவங்க கேக்குறாங்க."

கீழே ஓடையின் ஓரங்களில் மெல்லிய பனிக்கட்டி கட்டியிருந்தது. குவிதோக் பியோங்ஹாவின் அருகில் வந்து, குரலைச் சற்றுத் தாழ்த்திக் கேட்டார்.

"அன்னிக்கு ஆபீசர் எங்க பேரையெல்லாம் கேட்டப்ப முழிச்சீங்களே, பெரியவரே. அது போகட்டும். நாங்க வெளியூர்க்காரிங்க. உங்க அண்ணி பேராவது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா?" பியோங்ஹாவுக்கு அது தைத்துவிட்டது. "ஒரே கூரைக்குக் கீழ இருந்தவன் நான்."

"அப்பச் சொல்லுங்க."

கொழுந்தன் அண்ணியின் பெயரை வாயால் சொல்வது எங்கள் பக்கத்தில் முறையன்று. பியோங்ஹா தம் வாழ்நாளில் அதைச் சொல்லியிருக்க மாட்டார். அவர் தொப்பியைக் கழற்றினார். பாடையைப் பார்த்து நின்றார்.

"ஹோ ஓக்தான்" என்றார்.

இன்னொரு முறை சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. ஆனால் அவரே மறுபடியும் சொன்னார். "ஹோ ஓக்தான். எங்க அண்ணி." அதற்குப் பின் அவரால் முகத்தை நிமிர்த்த முடியவில்லை. பாடைக் கொம்புகளின் கீழே பெண்கள் அழத் தொடங்கினார்கள். அதுவரை ஒருவரும் அழுதிருக்கவில்லை.

பியோங்ஹா மடியிலிருந்து துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். பசை குளிரில் இறுகியிருந்தது. அதைக் கைகளுக்கு நடுவில் வைத்துச் சூடேற்றினார். பின்பு தூரிகையைச் சுன்யேயிடம் நீட்டினார்.

"என் கை இதுக்குப் பழகல. நீ எழுது. உங்கம்மா சொல்லிக் குடுத்த எழுத்துலயே எழுது."

"நானா? நான் அந்த வகுப்புல ஒரு நாளும் ஒக்காந்து எழுதினதில்ல, சித்தப்பா."

"இப்ப ஒக்காந்துதான இருக்க."

மூங்கிலைச் சாய்த்துத் துகிலின் அடிப்பகுதியைப் பாலத்துக் கைப்பிடிச் சுவரின்மேல் விரித்தார்கள். இருவர் ஓரங்களைப் பிடித்துக்கொண்டார்கள். சுன்யே முழந்தாளிட்டு எழுதினார். விரல்கள் விறைத்திருந்தமையால் நடு எழுத்து ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. அவர் துடைக்கக் கை எடுத்தார்.

"தொடாத! அது அங்கேயே இருக்கட்டும்" என்று போக்சிலும் குவிதோக்கும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

போக்சில் கொம்பின் கீழிருந்தபடியே கழுத்தை நீட்டி, எழுத்தெழுத்தாக, உரக்கப் படித்தார். மற்றப் பெண்களும் அவரோடு சேர்ந்து படித்தார்கள். வகுப்பில் படிப்பது போலவே இருந்தது. அதன்பின் குவிதோக் கைமணியை ஆட்டினார். பாடை பாலத்தைத் தாண்டிற்று.

குழி வடக்குப் பார்த்த சரிவில், கணவரின் பக்கத்தில் தோண்டப்பட்டிருந்தது. நிலத்தின் மேலடுக்கு உறைந்திருந்தமையால் கடப்பாரையால் இடித்துத்தான் மண்ணைத் தளர்த்தினோம். பெட்டியை இறக்கினோம். செந்துகிலைப் பியோங்ஹாவே விரித்தார். ஒரு மடிப்பும் இல்லாமல் நான்கு மூலைகளையும் இழுத்துவிட்டார். மேலே அவர் எழுதிய சீன எழுத்துகள் நேராக நின்றன. கீழே சுன்யே எழுதிய பெயர் சற்றுச் சாய்ந்து நின்றது. முதல் மண்ணைச் சுன்யே போட்டார்.

இறங்கி வரும்போது வெயில் ஏறி உறைபனி கரைந்திருந்தது. பெண்கள் தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டு முன்னால் போனார்கள். கிம்ச்சிக்கு ஊறவைத்த கோசு அளவுக்கு மேல் உப்பேறியிருக்குமே என்று குவிதோக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். பியோங்ஹா பாலத்தின் அருகே வந்ததும் மூச்சு வாங்க நின்றார். சுன்யேயும் உடன் நின்றார். சித்தப்பாவின் கையிலிருந்த துணி முடிச்சை வாங்கித் தாம் வைத்துக்கொண்டார்.

"எங்கப்பாவுக்கு நான் எழுதுனேன். உங்கப்பனுக்கு நான் எழுதுனேன். உங்கம்மாவுக்கும் பாதி எழுதிட்டேன்" என்றார் பியோங்ஹா. "எனக்கு யாரு எழுதுறது?"

"நான் எழுதுறேன், சித்தப்பா" என்றார் சுன்யே. "உங்க பேரப் போட்டு எழுதுறேன்."